வங்காள விரிகுடாவை நம்பாத மனிதர்

கல்கத்தாவில் இருக்கும் கோடிச் சொச்சம் ஜனங்களில், வங்காள விரிகுடாவை ஒரு நாள்கூட நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மீட்டர் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலில் அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. சால்ட் லேக்கில் நாலாவது மாடியில் இருந்த எங்கள் செக்ஷனில் அதை யாரும் சீந்தவில்லை. வங்காளிகள் 'மீட்டர் தா' என்றார்கள். தா, தாதா என்றால் அண்ணன். தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் நான் நேரில் 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'மீட்டர்' என்றும் சொல்லிச் சமாளித்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அவர் மின்சாரத் துறையிலிருந்து வந்தவர் என்று நினைத்து, தன் வீட்டு பில் எகிறுவதைப் பற்றி ஆறு மாதம் அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீடு எத்தனாவது மாடி?" என்று விசாரிப்பார்.

பெயர் சூட்டியவர் முகர்ஜி தா. 2006-இல் சென்னையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த அன்று, மீட்டர் தன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவரிடம் கேட்ட கேள்வி: "இந்த பில்டிங் கடல் மட்டத்திலேருந்து எத்தனை மீட்டர் உயரத்துல இருக்கு?"

முகர்ஜி தா முப்பது வருஷம் அந்த ஆபீஸில் இருந்தவர். கேன்டீன் எங்கே, டாய்லெட் சாவி எங்கே என்றுதான் அதுவரை புதியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடமாக வைத்திருப்பதுபோல் மீட்டர் அலைகளின் உயரத்தை வைத்திருந்தார். காலை டீ வந்ததும் ஆரம்பித்துவிடுவார். அவர்கள் பேசுவது வங்காள மொழியில். நான் தமிழில் சொல்கிறேன்.

"1960, சிலி. ஒம்பது புள்ளி அஞ்சு. அளந்து பார்த்த வரைக்கும் அதுக்கு மேல பூமி ஆடினதே கிடையாது. அலை இருபத்தஞ்சு மீட்டர். அதோட விட்டுதா? பசிபிக் கடலை முழுசாத் தாண்டி அடுத்த நாள் ஜப்பான்ல போய் ஆளைக் கொன்னுது."

"அடுத்த நாளா?" முகர்ஜி தா பிஸ்கட்டை டீயில் நனைப்பார். "அப்ப நம்ம ஃபைல் வேகம்தான்."

"ஜெட் விமான வேகம், முகர்ஜி தா. தூரம் அப்படி."

2004-இல் ஆச்சேயில் முப்பது மீட்டர். 2011-இல் ஜப்பானில் நாற்பது மீட்டர் உயரம் வரை தண்ணீர் ஏறியது. 1958-இல் அலாஸ்காவில் ஒரு குறுகலான விரிகுடா, நிலநடுக்கத்தில் கரையோர மலை சரிந்து தண்ணீரில் விழுந்தது, எதிர்ப்பக்க மலையில் ஐநூற்றி இருபத்து நாலு மீட்டர் உயரம் வரை காட்டை அலை மழித்து எடுத்துவிட்டது. அந்த ஐநூற்றி இருபத்து நாலைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து முகர்ஜி தா ஒரு நாள் க்ரகடோவா பற்றி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். மீட்டர் முகத்தைச் சுளித்தார்.

"அது எரிமலை. நம்ம செக்ஷன் இல்ல."

அவர் குடியிருந்தது பாலிகஞ்சில் ஒரு பழைய கட்டிடத்தின் ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தனி ஆள். இரண்டாவது மாடியில் இதைவிடப் பெரிய வீடு, இதைவிடக் குறைந்த வாடகைக்குக் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் அதைக் காட்டினால் இவர் பதில் சொல்லாமல் மேலே ஏறிப் போய்விடுவாராம். சமையல் வாயு சிலிண்டரைத் தூக்கி வருபவர் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, மதராஸிகளின் சந்ததியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த மாடிக்கு ஏறுவார். ஐந்து மாடி, ஐந்து வாக்கியம்.

கல்கத்தா கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மீட்டர் இங்கே மாற்றல் வாங்கினார். வந்த பிறகுதான் பாபுகாட் படித்துறையில் கங்கை காலையில் ஏறி மதியம் இறங்குவதைப் பார்த்தார். கடலின் ஏற்ற இறக்கம் ஆறு வழியாக ஊர் நடுவரைக்கும் வந்து போகிறது என்று தெரிந்த அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "நம்ம ஊரு பத்து மீட்டர்கூட இல்ல சார்," என்றார் என்னிடம், டாக்டர் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசுகிறவர் குரலில்.

நடுவில் பிரமோஷன் வந்தது. ஹால்டியா துறைமுகத்தில் போஸ்டிங். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'உயரம் போதாது' என்று எழுதியிருந்தார். மேலிடத்தில் யாரோ, பாவம், அந்த வேலைக்கு ஆள் உயரம் எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை என்று பதில் அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். அப்போது ஜாதவ்பூரில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். மீட்டர் கேட்டுக்கு வெளியே நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்தவர் செருப்பைக் கழற்றினார், ஆனால் கையோடு எடுத்துவந்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். என் மனைவி வசந்தா இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றும்போது மீட்டர் கேட்டார்: "மொட்டை மாடிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

சாவி மேலே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் முந்தானையில் இருந்தது. அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். சாப்பிட்ட கையோடு மேலே போய் மீட்டர் பேசினார். அவசரத்துக்கு இந்தக் குடும்பம் மாடிக்குப் போகவேண்டியிருக்கும், ஆகவே பூட்டக் கூடாது என்று விளக்கினார். மாஷிமா நிதானமாகக் கேட்டுவிட்டு, "வடாம் காயப்போட விடமாட்டேன்னு அவங்க வந்த அன்னிக்கே சொல்லிட்டேன்," என்றார்.

மீட்டர் போன பிறகு வசந்தா சொன்னாள்: "உங்க ஃப்ரெண்டுக்கு மறை கழண்டிருக்கு. ஆனா சாம்பார் நல்லா இருக்குன்னு சொன்ன முதல் ஆள் அவர்தான்."

துர்கா பூஜை முடிந்து சிலையைக் கரைக்கிற அன்று நடந்ததை முகர்ஜி தா கல்யாண வீடுகளில்கூடச் சொல்வார். அவர்கள் தெருவின் சிலையை மதியமே லாரியில் ஏற்றிக் கங்கைக்குக் கொண்டுபோனார்கள். மீட்டரையும் இழுத்துப் போயிருந்தார்கள். படித்துறையில் போலீஸ் ஒலிபெருக்கியில் "பான் வருது, பான் வருது, தண்ணியை விட்டு மேல வாங்க" என்று அறிவித்தார்கள். கடல் ஏற்றத்தில் ஆற்றுக்குள் சுவர்போல எழும்பி வரும் அலைக்கு வங்காளத்தில் பான் என்று பெயர். ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான், நாலு படி ஏறி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மீட்டர் லாரியின் மேல் ஏறி, அம்மனுக்குப் பின்னால் போய், சிலையின் இரண்டு கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வந்து போய்விட்டது. அவர் இறங்கவில்லை. அம்மனைப் பிரிய மனமில்லாமல் ஒரு தென்னிந்திய பக்தர் அழுகிறார் என்று நினைத்து நாலு பெண்கள் அவர் நெற்றியில் குங்குமம் பூசி, வாயில் இனிப்பை ஊட்டினார்கள். இறக்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆனதாம்.

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் ஆறு வருஷம் போயிற்று.

2012 ஏப்ரலில் மதுரையிலிருந்து என் மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. எனக்கு லீவு இல்லை. வசந்தாவும் நாலு வயது நந்தினியும் அவர்களோடு தீகா கடற்கரைக்கு இரண்டு நாள் போவதாக ஏற்பாடு. ஆபீஸில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மீட்டர் பேனாவை மூடினார். "தீகாவுக்கா? அங்க கரை சப்பட்டை, சார். ஏறி நிக்க ஒரு மேடு கிடையாது."

"சார், குழந்தை முதல் தடவையா கடல் பார்க்கப் போறா. அபசகுனமாப் பேசாதீங்க."

குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சின்னத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "ஓட்டல் லேண்ட்லைன் நம்பர் மட்டும் எழுதிக் குடுங்க. மொபைலை நம்ப முடியாது."

எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே அவர் அந்த ஓட்டலுக்குப் போன் செய்து, எங்கள் ஆட்களுக்கு முதல் மாடியில் ஒதுக்கியிருந்த அறைகளை மூன்றாவது மாடிக்கு மாற்றிவிட்டார். தீகா போய்ச் சேர்ந்ததும் வசந்தா போனில் என்னைத் திட்டினாள். அண்ணிக்கு முட்டிவலி.

மறுநாள் புதன்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். டம்ளரில் டீ தானாக வட்டம் போட்டது. மேலே பார்த்தேன். ஓடாத ஃபேன் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ "பூமி ஆடுது" என்று கத்த, நூறு பேர் மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினோம். பயத்தில் எனக்கு மீட்டர் ஞாபகமே வரவில்லை. சால்ட் லேக்கின் அத்தனை ஆபீஸ்களும் தெருவில் நின்றன. எல்லார் காதிலும் மொபைல், யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

முகர்ஜி தா மூச்சு வாங்கச் சிரித்தார். "மீட்டர் தா இந்நேரம் தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்திருப்பார், பாரு."

கால் மணி நேரம் போயிருக்கும். டீக்கடையின் சின்ன டிவியில் செய்தி ஓடியது. சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலநடுக்கம். எட்டு புள்ளி ஆறு. கிழக்குக் கரைக்குச் சுனாமி எச்சரிக்கை.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு வசந்தாவின் மொபைலுக்கு அடித்தேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் மிக இனிமையாக வங்காளத்தில் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே இனிமை. என் கண்ணுக்கு நந்தினியின் மஞ்சள் கவுன்தான் தெரிந்தது. கடலுக்குப் போட்டுக்கொள்வதற்கென்றே வாங்கியது. அதுவரை வேடிக்கையாகக் கேட்ட அத்தனை எண்களும், இருபத்தைந்தும் முப்பதும் நாற்பதும், ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். நாலு மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

செக்ஷனில் ஆள் இல்லை. கவிழ்ந்த நாற்காலிகள். நடுவில் மீட்டர் தன் மேஜையில் உட்கார்ந்து லேண்ட்லைனில் நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். எதிரில் அந்தச் சின்னத் தாள், பக்கத்துக் கம்ப்யூட்டரில் சுமத்ரா செய்தி. அவர் கீழே இறங்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"சார், நந்து..."

"உக்காருங்க. ரெண்டு எட்டுக்கு ஆடினது. அங்கேருந்து தீகாவுக்குத் தண்ணி வர மூணு மணி நேரமாவது ஆகும். விரிகுடாவோட வடகோடியில ஆழம் கம்மி, மெதுவாத்தான் வரும். நேரம் இருக்கு." அவர் குரல் நடுங்கவில்லை. மறுபடி நம்பரைச் சுழற்றினார்.

பன்னிரண்டாவது தடவையோ பதிமூன்றாவது தடவையோ லைன் கிடைத்தது. மேனேஜர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "தாதா, கடல் தூங்குது. நானும் தூங்கிட்டிருந்தேன்."

"அது எந்திரிக்கறதுக்குள்ள நீங்க எந்திரிங்க. மூணாவது மாடி மதராஸி பார்ட்டி எங்க?"

"பீச்சுக்குப் போயிருக்காங்க."

"ஓடுங்க. போய்க் கூட்டிட்டு வந்து மொட்டை மாடியில ஏத்துங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அலை வரலேன்னா நாளைக்கு நேர்ல வந்து உங்க கால்ல விழறேன்."

அதன் பிறகு அரை மணி நேரம். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலுக்குப் போனேன். மீட்டர் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு எண்ணையும் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

போன் அடித்தது. வசந்தா.

"என்னங்க இது, அந்த மேனேஜர் லுங்கியோட ஓடி வந்து கத்தறார், கையைப் பிடிச்சு இழுக்கறார். நந்து கட்டின மணல் வீடு பாதியில நிக்குது, அழுதுட்டிருக்கா."

"மேலதானே இருக்கீங்க?"

"மொட்டை மாடியில. வெயில் கொளுத்துது. எதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ரிசீவரை மீட்டரிடம் கொடுத்தேன்.

"அம்மா, பீச்சுல உங்க பக்கத்துல யார் யார் இருந்தாங்க?"

"பக்கத்துலயா? ஒரு இளநீர்க்காரர். குழந்தைகளைக் குதிரையில ஏத்தறவர். சங்கு மாலை விக்கற ஒரு அம்மா. ஏன் சார்?"

"அவங்க வந்தாச்சா?"

"தெரியலியே."

"மேனேஜர்கிட்ட குடுங்க."

மறுபடி கெஞ்சல். இந்த முறை மேனேஜர் எதிர்த்துப் பேசுவது கேட்டது. மீட்டர் விடவில்லை. மூன்று பேரையும் அழைத்து வந்துவிட்டுப் போன் செய்யச் சொல்லி வைத்தார்.

"சார், நம்ம ஆளுங்க வந்தாச்சே. போதும் சார்," என்றேன்.

"போதாது."

அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஆறு வருஷத்தில் தன்னைப் பற்றி அவர் பேசியது அன்றுதான்.

"2004 டிசம்பர்ல நான் பெசன்ட் நகர்ல இருந்தேன். காலையில ஆறரைக்குக் கட்டில் ஆடிச்சு. தலைசுத்தல்னு நெனச்சேன். எட்டரைக்கு மேல பீச்சுக்கு வாக்கிங் போனேன். அருகம்புல் ஜூஸ் விக்கற ஒரு அம்மா, தினம் அவங்ககிட்டதான் குடிப்பேன். குடிச்சிட்டிருக்கும்போது கடலைப் பார்த்தேன். மட்டம் சரியில்ல. ஏறிட்டே வருது. அவங்க கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சு பக்கெட்ல டம்ளர் அலம்பிட்டிருந்தாங்க." "நான் ஓடிட்டேன், சார். யார் வீடோ, மூணாவது மாடியில போய் நின்னேன். பார்த்தா கையில அவங்க டம்ளர். 'அம்மா ஓடுங்க'ன்னு ரெண்டு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"அப்புறம் அவங்க?"

"ஒரு வாரம் தினமும் போய்த் தேடினேன். போயிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார். ஊருக்கா, ஒரேயடியாவான்னு கேட்டேன். அவருக்கும் தெரியல."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். "அலைக்குன்னு நான் அவ்வளவு பயப்படல சார். மறுபடியும் அதே மாதிரி ஓடிடுவேனோன்னுதான்."

நாலு மணி தாண்டி கட்டிடம் திரும்பவும் ஆடியது. இரண்டாவது நிலநடுக்கம். பீரோக் கதவு தானாகத் திறந்தது. கீழே தெருவில் கூச்சல் எழுந்தது. மீட்டரின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ போயிடலாம் சார்," என்றேன்.

"நீங்க போங்க. போன் வரும்."

நானும் போகவில்லை.

போன் வந்தது. மேனேஜரே பேசினார். இளநீர்க்காரர் மாடியில் இருக்கிறார். சங்கு மாலை அம்மா, கூடையோடு மாடியில் இருக்கிறார். குதிரைக்காரர் குதிரையை விட்டு வரமாட்டேன் என்றதால் குதிரையும் வந்திருக்கிறது. முதல் மாடித் திருப்பம் வரை ஏறிவிட்டது, இப்போது மேலேயும் போகமாட்டேன் கீழேயும் இறங்கமாட்டேன் என்று நிற்கிறது. கெஸ்டுகள் யாரும் படியில் போக வர முடியவில்லை. இதற்கு என்ன செய்யட்டும் என்று தாதா சொல்லவேண்டும்.

மீட்டர் ரிசீவரை மார்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எது எப்போது முடிந்து எது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய அலை வரவில்லை. பூமி மேலும் கீழுமாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் தப்பித்தது என்று பிறகு விளக்கினார்கள். சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். குதிரையை இறக்கத்தான் மறுநாள் காலை வரை ஆயிற்று.

ஆபீஸில் முகர்ஜி தா கேட்காமல் இருப்பாரா? "என்ன மீட்டர் தா, அலை எங்க?"

"வரல," என்றார் மீட்டர், பரீட்சையில் பாஸான முகத்தோடு. சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான் என்று அந்த வாரமே தீகாவுக்கு பஸ் ஏறிவிட்டார். இவர் மேனேஜர் காலில் விழ, அவர் பதறிப்போய் இவர் காலில் விழுந்தாராம். எந்தக் கடலின் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவர் அன்று ஒரு மணி நேரம் கரையில் நின்றார் என்றும் மேனேஜர் எங்களிடம் சொன்னார். வசந்தா நந்தினியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி, அவருக்கு ஒரு டப்பா நிறைய சாம்பார் கொடுத்துவிட்டு வந்தாள். மறை கழண்டது பற்றி அதன் பிறகு அவள் பேசவில்லை.

ரிட்டையரானதும் கொடைக்கானல் பக்கம் போய்விடுவார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் சென்னைக்குத் தெற்கே, மீனவர் குடியிருப்பை ஒட்டி, தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் போட்டுக் கேட்டேன்.

"மாடியில இருந்தா இறங்கிப் போய்ச் சொல்ல நேரமாகும் சார்," என்றார்.

போன வருஷம் காம்சட்கா பக்கம் எட்டு புள்ளி எட்டு என்று செய்தி வந்த அன்று காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. நம் பக்கம் பயமில்லை என்றார். இருந்தாலும் குப்பத்துக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். நந்தினி எந்தக் காலேஜ், ஹாஸ்டலில் எத்தனை மாடி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பேச்சு இல்லை. பூமி எங்கேயாவது ஆடினால்தான் அவர் கூப்பிடுவார். நல்லபடியாக இருக்கிற நாளில் அவர் சாப்பிட்டாரா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இன்றைக்கு நானே கூப்பிடப் போகிறேன்.